கிள்ளானுக்கு அனுப்பிய தூதர்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
7 ஜூலை 2025

மாண்புமிகு மருமகள் தாமரை அவர்களின் மேலான கவனத்திற்கு,

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் பயணச்சீட்டுச் சக்கரவர்த்தியும், விசா படிவங்களின் வேந்தனும், உன் அம்மாவின் ஒரே அண்ணனுமாகிய பாலன் எழுதிக்கொள்வது.

நீ என் எண்ணை பிளாக் செய்துவிட்டாய். அனுப்பிய செய்திகளெல்லாம் ஒற்றை டிக்கோடு அனாதையாக நிற்கின்றன. உண்மை அறிய, கடைக்கு எதிரே அப்பம் விற்கும் ஆன்டியின் போனை வாங்கிக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் அவரையும் பிளாக் செய்தாய். அந்த அம்மாள் உன்னை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. "நான் என்னாங்க பண்ணேன்?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு நாடுகள் உறவை முறித்துக்கொண்டால்கூட தூதரகத்தில் விளக்கை அணைக்க ஓர் ஆளையாவது விட்டுவைப்பார்கள். நீ வாசலில் நின்ற காவலாளியையும் சேர்த்து விரட்டிவிட்டாய்.

எனவே தபால் நிலையம் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என்னை அருங்காட்சியகத்திலிருந்து தப்பி வந்தவனைப் போலப் பார்த்தாள்.

இனி வழக்குக்கு வருவோம். நீ என்ன கேட்டாய்? "மாமா, பார்மசி எனக்கு ஆகல. அனைத்துலக உறவு படிக்கணும். அம்மாகிட்ட நீங்க மெதுவா சொல்லுங்க." இதுதானே? அந்தக் கட்டளையைத் தலைமேல் சுமந்து, போர்ட் கிள்ளானில் உன் அம்மா லோரிகளுக்கு ஆணையிடும் அந்த அலுவலகத்துக்கே நேரில் போனேன். என் தங்கை சீதாலெட்சுமியின் மேசையில் இரண்டு போன், ஒரு வாக்கிடாக்கி. மூன்றும் ஒரே நேரத்தில் கத்துகின்றன. அந்தப் போர்க்களத்தில் "உன் மகள் பார்மசியை விட்டுவிட்டாள்" என்று மொட்டையாகச் சொல்ல முடியுமா? ஒரு முன்னுரை வேண்டாமா?

ஆகவே கொஞ்சம் அலங்கரித்தேன். பல்கலைக்கழகம் உன்னைத் தேடி வந்து கேட்டது என்றேன். நாட்டிலேயே ஒரு சிலருக்குத்தான் இந்த இடத்தைக் கொடுக்கிறார்கள் என்றேன். வெளியுறவு அமைச்சில் உனக்கென்று ஒரு நாற்காலியைத் துடைத்துத் துடைத்துக் காலியாக வைத்திருக்கிறார்கள் என்றேன். அந்த நாற்காலியின் நிறத்தை அவளாகக் கேட்டாள். நீலம் என்றேன். அவள் சிரித்தாள், தாமரை! உன் அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்த மகிழ்ச்சியில் அவள் கோயில் கமிட்டியிடம் சொல்லிவிட்டாள் என்றால், அவர்கள் ஆடித் திருவிழாவில் உனக்குப் பொன்னாடை போர்த்த பேனர் அடித்துவிட்டார்கள் என்றால், அதற்கு நானா பொறுப்பு?

பதிலை எதிர்நோக்கி, நெஞ்சு கனத்து, இன்று சோற்றைக்கூடப் பாதியிலேயே வைத்துவிட்ட (மீன் சரியில்லை),

பாலன் மாமா


செமினி
10 ஜூலை 2025

மாமா,

மாண்புமிகு எல்லாம் வேண்டாம். ஆமாம், நீங்கள்தான் பொறுப்பு.

பிளாக்கை எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீங்கள் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள். பிறகு நான் கேட்க வந்ததை மறந்துவிடுவேன். எழுத்தில் அது நடக்காது. ஆன்டியிடம் மன்னிப்புச் சொல்லுங்கள். அவரை விடுவித்துவிட்டேன்.

அம்மா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட பேனர் படத்தை நீங்களும் பார்த்தீர்கள். என் பள்ளிக்கூடப் படம், பின்னால் உலக உருண்டை, தலைக்கு மேல் "நாட்டின் வருங்காலத் தூதர் செல்வி தாமரை". ஜூலை 27, ஞாயிறு. அதற்குக் கீழே, "உலகப் போர்களை நிறுத்துவது எப்படி? சிறப்புரை". மாமா, நான் முதலாம் ஆண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் இரண்டு பேர் நாற்காலிக்குச் சண்டை போட்டால்கூட எனக்கு நிறுத்தத் தெரியாது.

நான் ஏன் மாறினேன் என்று நீங்கள் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாற்காலி தேவைப்பட்டிருக்காது. பார்மசியில் மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் ரூம்மேட் உமா கூப்பிட்டாள் என்று அவளுடைய வகுப்பில் சும்மா போய் உட்கார்ந்தேன். விரிவுரையாளர் புத்தகமே திறக்கவில்லை. "ஒரு வகுப்பு. ஆசிரியர் இல்லை, மானிட்டர் இல்லை, கதவு பூட்டியிருக்கிறது, எல்லார் கையிலும் ஒரு குச்சி. இப்ப என்ன நடக்கும்?" என்று கேட்டார். ஒருவன் "அடிதடி" என்றான். இன்னொருத்தி "கூட்டு சேருவாங்க" என்றாள். உமா, "முதல் நாள் எப்படிப் பழகுறாங்களோ அப்படியே போகும்" என்றாள். அவர் மூன்றையும் பலகையில் எழுதி, "இந்த மூணு பதிலும் மூணு சிந்தனைப் பள்ளி. நாடுகளுக்கு மேலே ஆசிரியர் கிடையாது. இதுதான் நம்ம பாடம்" என்றார். அந்த வகுப்பு முடியும்வரை நான் போனைத் தொடவில்லை. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டும். இதை மட்டும்தான்.

அம்மா உங்களிடம் சிரித்தார் என்கிறீர்கள். எனக்கு வந்தது "மாமா சொன்னார். சந்தோஷம்." அவ்வளவுதான். கூப்பிட்டால் மழை பெய்கிறதா, துணி காய்ந்ததா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்.

இப்போது தற்காலிகமாகத்தான் இந்த வகுப்புகளுக்குப் போகிறேன். பாட மாற்றத்தை இந்த மாத இறுதிக்குள் நான் உறுதிப்படுத்த வேண்டும். பொய் சொல்லி வாங்கிய சம்மதத்தில் உறுதிப்படுத்த மாட்டேன். அம்மா முழு உண்மையும் தெரிந்து "சரி" என்றால் படிக்கிறேன். இல்லை என்றால் பார்மசிக்கே திரும்பிவிடுகிறேன். விளையாடவில்லை.

நீங்கள் கட்டியதை நீங்களே பிரியுங்கள். இந்த சனிக்கிழமை கிள்ளானுக்குப் போங்கள்.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
13 ஜூலை 2025

அன்பும் கோபமும் சரிபாதியான மருமகளே,

போனேன். வந்தேன். தோற்றேன்.

கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறும்போது என் நெஞ்சில் உண்மை யானை அளவு இருந்தது. "சீதா, நான் சொன்னது பொய். பிள்ளை தானாக விரும்பி மாறினாள். அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு." என்ன அழகான வாசகம்! உதடு அசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மையார் நான் பிரார்த்திக்கிறேன் என்று நினைத்துத் தன் குழந்தையை அதட்டி அமைதியாக்கினார். சுபாங் ஜெயாவில் யானை குதிரையாகியது. ஷா ஆலமில் ஆடாகியது. கிள்ளானில் இறங்கியபோது ஒரு பூனை இருந்தது. அதுவும் படியிறங்கி ஓடிவிட்டது.

வீட்டுக்குள் போனால் நண்டுக் குழம்பு. ஒரு தூதரை வீழ்த்த இதைவிடக் கொடிய ஆயுதம் உலகில் உண்டா? மேசையில் அவளுடைய ஆபீஸ் பையன் ஜீவன் வேறு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாடு இருக்கும்போது ரகசியப் பேச்சு எப்படி நடத்துவது? காத்திருந்தேன். நண்டு தீர்ந்ததே ஒழிய ஜீவன் எழுந்திருக்கவில்லை.

உன் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அண்ணே, தாமரை தூதரானா மொதல்ல எந்த நாட்டுக்கு அனுப்புவாங்க?" என்று கேட்டாள்.

இதுதான் தருணம். வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஜெனிவா" என்றேன்.

"ஜெனிவா ஒரு நாடா அண்ணே?"

"இல்லம்மா, நாடுங்கல்லாம் வந்து கூடுற எடம்."

"குளிருமா?"

"குளிரும்."

"அப்ப சுவெட்டர் வாங்கணும்" என்று தீவிரமாகத் தலையசைத்தாள். ஜீவனுக்குப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துக் குடித்து, கண்ணெல்லாம் சிவந்து, எழுந்து பின்பக்கம் போய்விட்டான். நண்டில் காரம் அதிகம்தான்.

புறப்படும்போது வாசலில் நின்று இன்னொரு முயற்சி செய்தேன். "சீதா, நான் சொன்னதுல கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்" என்றேன். "நீங்க என்னைக்கண்ணே குறைச்சுச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரு தூக்கில் குழம்பு கொடுத்து அனுப்பினாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

திட்டு. நியாயம். ஆனால் ஒன்று சொல்லட்டுமா? நீ எழுதிய அந்தப் பூட்டிய வகுப்புக் கதையை இரண்டு தடவை படித்தேன். எனக்குப் பிடித்திருந்தது. நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

தோல்வியுற்ற தூதன்,
பாலன்


செமினி
16 ஜூலை 2025

மாமா,

ஜெனிவாவா?

என் முதல் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. சி கிரேடு. "மிகைப்படுத்தல் அதிகம், சான்று குறைவு" என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். எங்கிருந்து வந்த குணம் என்று எனக்குத் தெரியும்.

நேற்றைய வகுப்பு, ஒரு நாடு சொல்வதை இன்னொரு நாடு எதை வைத்து நம்புகிறது என்பது. சும்மா பேசுவதை யாரும் நம்புவதில்லையாம். பேசுகிறவனுக்கு ஏதாவது வலித்தால்தான் நம்புவார்களாம். படையை எல்லையிலிருந்து பின்வாங்குவது வலிக்கும். தலைவரே விமானம் ஏறி எதிராளி ஊருக்குப் போய் இறங்குவது வலிக்கும். ஆள் மூலம் செய்தி அனுப்புவது வலிக்காது. உமா முழங்கையால் என்னை இடித்தாள். நான் குனிந்துகொண்டேன்.

வருகிற சனிக்கிழமை நானே கிள்ளானுக்குப் போகிறேன். பயமாக இருக்கிறது. அம்மா கத்தினால் சமாளிப்பேன். கத்தாமல் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்விட்டால் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை. அப்பா இறந்த வருடம் முழுக்க அப்படித்தான் இருந்தார்.

நீங்கள் வர வேண்டாம். முன்கூட்டி ஒன்றும் சொல்லவும் வேண்டாம். தயவுசெய்து.

தாமரை


பிரிக்பீல்ட்ஸ்
19 ஜூலை 2025, சனிக்கிழமை

என் வீரத் திருமகளே,

நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அதற்காகவே இன்று எழுதுகிறேன். இந்த நேரத்தில் நீ கஜாங்கில் ரயில் ஏறியிருப்பாய். நான் கடையில் உட்கார்ந்து, திருச்சிக்கு டிக்கெட் கேட்டு வந்தவருக்கு மதுரைக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் கட்டளையை மீறினேன். பாதிதான் மீறினேன். உன் அம்மாவிடம் போகவில்லை. கோயில் கமிட்டித் தலைவர் திருச்செல்வத்தின் டயர் கடைக்குப் போனேன். பொன்னாடையையாவது நிறுத்திவிட்டால் உனக்குப் பாதி பாரம் குறையுமே என்று நினைத்தேன். ஒரு பெட்டி லட்டும், ஆயுள் முழுவதற்கும் சேர்த்துவைத்த பணிவும் எடுத்துக்கொண்டு போனேன்.

"தலைவரே, பெரிய தப்பு நடந்துபோச்சு. அந்த பேனரை எறக்கிடுங்க" என்றேன்.

"எந்த பேனர்?"

"என் தங்கச்சி மக தாமரை. தூதர் பேனர்."

"எந்த தாமரை?"

டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று கத்திச் சொன்னேன். அவரும் கத்தினார். "பாஸ், நான் ஆடித் திருவிழாவுக்கு மூணு பேனர்தான் அடிச்சேன். ஒண்ணு அம்மன், ஒண்ணு அன்னதானம், ஒண்ணு என்னுது!"

மருமகளே, டயர்மேல் உட்கார்ந்துவிட்டேன். விழாவில் உன் பெயரே இல்லை. பேனர் என்பது போனில் செய்த வெறும் படம். உன் அம்மா அதைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறாள். நீல நாற்காலி. சுவெட்டர். ஜீவனுக்குப் புரையேறியது. ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து என்னைக் குத்தின. உலக வல்லரசுகளின் உளவுத்துறைத் தலைவர்களெல்லாம் கிள்ளானுக்கு வந்து என் தங்கையிடம் டியூஷன் படிக்க வேண்டும்.

இதற்குள் திருச்செல்வத்துக்கு ஆசை வந்துவிட்டது. "என்னா சொன்னீங்க, தூதரா? நம்மூர்ப் பிள்ளையா? ஒரு பொன்னாடை கைவசம் இருக்கு லா. போட்டுருவோமே!" என் வாழ்க்கையில் முதன்முறையாக நான் ஒரு விஷயத்தைக் குறைத்துச் சொன்னேன். "தூதரெல்லாம் இல்ல தலைவரே. முதல் வருஷம். கட்டுரையில சி." சொல்லும்போது பல் பிடுங்கியதுபோல வலித்தது. நீ எழுதியது சரிதான், வலித்தால் நம்புகிறார்கள். அவர் உடனே நம்பி, லட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் உமா மூலமாக உன்னைப் பிடிக்கப் போனேன். அவள் எண் என்னிடம் இருந்தது. "பயப்படாதே, விழாவே இல்லை" என்று ஒரு வரி போதும். பெயரைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். உன் அம்மா இவ்வளவு பாடுபட்டது உன்னை வரவைக்கத்தான். நான் சொல்லிவிட்டால் நீ நிம்மதியாகச் செமினியிலேயே இருந்துவிடுவாய். மறுபடியும் உங்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் நின்றிருப்பேன்.

சொல்லவில்லை. நேற்றிலிருந்து ஒரு விஷயத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறேன். அப்பம் ஆன்டி, "என்னாங்க, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டார்.

நீ கோபப்பட்டால் படு. ஆனால் என்ன நடந்தது என்று எழுது. தபால்காரரை வாசலிலேயே நின்று பிடிக்கிறேன்.

பாலன் மாமா


செமினி
23 ஜூலை 2025

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதம் நேற்றுத்தான் வந்தது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன். பிறகு இல்லை.

சனிக்கிழமை கே.எல். சென்ட்ரலில்தான் ரயில் மாறினேன். உங்கள் கடை அவ்வளவு பக்கத்தில். எட்டிப் பார்க்கலாமா என்று தோன்றியது. பார்த்தால் உங்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பயந்து நேராகப் பிளாட்ஃபார்முக்குப் போய்விட்டேன்.

அம்மா தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். "வா" என்றார். அவ்வளவுதான். நான் கை கழுவிவிட்டு எதிரில் உட்கார்ந்து கிள்ள ஆரம்பித்தேன். வழியெல்லாம் தயார் செய்த பேச்சு எதுவும் ஞாபகம் இல்லை.

"அம்மா, நான் தூதர் இல்ல."

"தெரியும்."

"என்னை யாரும் தேடி வரல. நானாதான் மாறினேன்."

"அதும் தெரியும். நாள் முழுக்க லோரிக்காரங்க பேசுறதக் கேக்கிறவ நான். 'ஆன் த வே அக்கா'ன்னு சொல்றவன் இன்னும் குளிச்சிருக்க மாட்டான். உங்க மாமா சொன்னதைப் பத்தால வகுத்துப் பார்த்தேன். அந்த நாற்காலிக்கு நாலு கால்கூட மிஞ்சல, வெறும் நீலக் கலர்தான் மிஞ்சுச்சு."

"அப்ப அந்த பேனர்?"

"ஜீவன் செஞ்சு குடுத்தான். நல்லாருந்துச்சுல்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "எவ்ளோ பயந்தேன் தெரியுமாம்மா? ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று கத்திவிட்டேன்.

அம்மா நெத்திலியைக் கீழே வைத்தார். "பின்ன என்னா பண்றது? போன்ல கேட்டா 'ஓகேம்மா, கிளாஸ்ம்மா'ன்னு வச்சிடுவ. பார்மசிய விட்டதுல எனக்குக் கோபம் இல்லைன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. ஆபீஸ் பூரா சொல்லி வச்சிருந்தேன். ஆனா அது வேற. என் பொண்ணு என்கிட்ட பேசுறதுக்கு ஆள் அனுப்பியிருக்கா. நான் என்னா எதிரி நாடா, தாமரை?"

மாமா, படித்த எந்தப் பாடத்திலும் இதற்குப் பதில் இல்லை. நான் "இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். பிறகு "பயமா இருந்துச்சு" என்றேன். அம்மா, "எனக்கும்தான்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. இரண்டு பேரும் மறுபடி நெத்திலியைக் கிள்ள ஆரம்பித்தோம். அவர் எழுந்து அடுப்பங்கரைக்குள் போகவில்லை.

சாப்பிடும்போதுதான் கேட்டார். "சரி, அதுல என்னாதான் சொல்லித் தர்றாங்க?" நீங்கள் சொன்ன எதையும் சொல்லவில்லை. முதல் நாள் வகுப்பை மட்டும் சொன்னேன். பூட்டிய அறை, குச்சி, மூன்று பதில். அம்மா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப நாடுங்களுக்கு மேல ஒரு பெரியவங்க கிடையாது?"

"கிடையாதும்மா. ஐ.நா. இருக்கு. ஆனா பெரிய நாடு கேக்கலைன்னா அதால ஒண்ணும் செய்ய முடியாது."

"போலீஸ்?"

"இல்ல."

அம்மா கையை நிறுத்தினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கிருந்து போர்ட் கிள்ளானின் கிரேன்கள் தெரியும், உங்களுக்குத் தெரியுமே. "எத்தனையோ நாட்டுக் கப்பல் வருது. ஒருத்தனுக்கு ஒருத்தன் ஆகாது. மேல கேக்கறதுக்கு ஆளும் இல்லைங்கிற. அப்புறம் எப்படி எல்லாம் வரிசையா வந்து எறக்கிட்டுப் போவுது?"

நான் சொன்னேன், "அதைத்தாம்மா மூணு வருஷம் படிக்கணும்."

அம்மா ரசக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப படி."

நேற்றுக் காலை பாட மாற்றத்தை உறுதிப்படுத்திவிட்டேன்.

உங்கள் மருமகள்,
தாமரை
முதலாம் ஆண்டு, அனைத்துலக உறவு